ரேங்லரில் எல்எஸ் வி8 ஏற்ற இன்ஜின் மவுன்ட் செய்வது எப்படி?

கேள்வி இதுதான்: 2001 ஜீப் ரேங்லர் (டிஜே என்ற மாடல்), அமெரிக்க வண்டி, இடதுபக்க ஸ்டீயரிங். 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினை இறக்கிவிட்டு, செவர்லே சில்வராடோவிலிருந்து எடுத்த 5.3 லிட்டர் எல்எம்7 வி8 இன்ஜினை (ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்தைச் சேர்ந்தது) 4எல்60ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு ஏற்ற வேண்டும். சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஜீப்பின் பழைய என்வி231. மவுன்ட்டைச் சொந்தமாகச் செய்ய எத்தனை மில்லிமீட்டர் பிளேட், எந்த புஷ் (அதிர்வை வாங்கும் ரப்பர் அல்லது பாலியூரத்தேன் உருளை), சேஸிஸில் எங்கே வெல்டிங்?

பிளேட் தடிமன் கடைசியில் முடிவாகிற விஷயம். முதலில் இன்ஜின் எங்கே உட்காரப் போகிறது என்பது முடிவாக வேண்டும். அதற்கும் முன்னால், மவுன்ட் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பது புரிய வேண்டும். மவுன்ட் என்றால் இன்ஜின் எடையைத் தாங்குவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எடை தாங்குவது சுலபம். மவுன்ட்டை உடைப்பது இன்ஜின் மேலே எழும்ப முயலும் விசை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். எல்எம்7 தரும் டார்க் (சுழற்று விசை) சுமார் 440 நியூட்டன் மீட்டர். இன்ஜின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றும் போல்ட் போட்டு ஒரே உடலாக இருப்பதால், மவுன்ட்டுகள் வாங்குவது இன்ஜின் டார்க்கை அல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வெளியே போகும் டார்க்கை. முதல் கியரின் விகிதம் 3.06, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் விகிதம் 2.72. பெருக்கினால் சுமார் 3,660 நியூட்டன் மீட்டர், அதுவும் டார்க் கன்வெர்ட்டர் பெருக்குவதைச் சேர்க்காமல். சாதாரணமாக அவ்வளவு தூரம் போகாது, டயர் சறுக்கிவிடும். 1,900 கிலோ வண்டி, 33 அங்குல டயர், 4.10 ஆக்ஸில், பிடிப்பு 0.8 என்று வைத்தால் சுமார் 1,500 நியூட்டன் மீட்டரில் டயர் விட்டுக்கொடுக்கும். இரண்டு மவுன்ட்டுக்கும் நடுவே அரை மீட்டர் அகலம் இருந்தால் ஒரு பக்கம் 3,000 நியூட்டன், அதாவது சுமார் 300 கிலோ மேலே இழுக்கும். மறுபக்கம் அதே அளவு கீழே அழுத்தும். நின்ற நிலையில் ஒவ்வொரு முன் மவுன்ட்டிலும் இருக்கும் எடை சுமார் 100 கிலோதான். ஆகவே அது போக 200 கிலோ மிச்சமாக மேலே இழுக்கிறது. டயர் இரண்டு பாறைக்கு நடுவே சிக்கிச் சறுக்க வழியில்லாமல் போனால் முழு 3,660-உம் வந்து விழும். ஒரு பக்கத்தில் 700 கிலோவுக்கு மேல். 2003 முதல் வந்த ரூபிகானில் (ரேங்லரின் ஆஃப்ரோடு வகை) லோ ரேஞ்ச் 4.0 என்பதால் இன்னும் அதிகம்.

முன்னோக்கிப் போகும்போது எழும்புவது ஓட்டுநர் பக்கம், இடதுபுறம். ரிவர்ஸில் ஷாஃப்ட் எதிர்த்திசையில் சுற்றுவதால் எழும்புவது வலதுபுறம். சேற்றில் சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் மாறி மாறி இழுபடும். ஆகவே இடது மவுன்ட்டை மட்டும் பலமாகச் செய்தால் போதும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல. 1965 முதல் 1969 வரை வந்த செவர்லே வண்டிகளில் மவுன்ட் என்பது இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே ஒட்டிய ரப்பர். ரப்பர் ஒட்டு விட்டுப்போனதும் இன்ஜின் எழும்பி, ஆக்ஸிலரேட்டர் இணைப்பை இழுத்துத் திராட்டிலைத் திறந்த நிலையிலேயே நிறுத்தியது. 1971 டிசம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, இன்ஜின் எழும்பாமல் தடுக்கும் கட்டுப்பாட்டுக் கம்பி மாட்ட வேண்டியிருந்தது. அதிலிருந்து கிடைக்கும் விதி ஒன்று: ரப்பரோ பாலியூரத்தேனோ முழுதாகக் கரைந்து போனாலும், இரும்பும் இரும்பும் மாட்டிக்கொண்டு இன்ஜின் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். குழாய்க்குள் புஷ், புஷ்ஷுக்குள் ஸ்லீவ், ஸ்லீவுக்குள் போல்ட், போல்ட்டின் இரு முனையையும் பிடிக்கும் இரண்டு காது: இந்த அமைப்பில் அது தானாகவே கிடைக்கிறது. ஆஃப்ரோடு வண்டிக்கு இதைத்தான் பரிந்துரைப்பேன். தட்டையான ரப்பர் பேடை இந்த வேலைக்கு வைக்காதீர்கள்.

இனி இன்ஜின் உட்காரும் இடம். கேபின் மவுன்ட் ரப்பர்கள் பழசாகி அமுங்கியிருந்தால் முதலில் அவற்றை மாற்றுங்கள். பின்னால் மாற்றினால் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) ஒரு சென்டிமீட்டர் வரை உயர்ந்து, நீங்கள் பார்த்துப் பார்த்து விட்ட இடைவெளியெல்லாம் மாறிவிடும். பிறகு முன் காயில் ஸ்பிரிங்குகளைக் கழற்றி, பம்ப் ஸ்டாப் மட்டும் இருக்க, ஆக்ஸிலை ஜாக்கியில் முழுதாக மேலே தூக்கி நிறுத்துங்கள். இன்ஜினுக்குக் கீழே எவ்வளவு இடம் என்பதை இந்த நிலையில்தான் அளக்க வேண்டும். சமதளத்தில் நிற்கும் வண்டியில் எல்லாம் தாராளமாகத்தான் தெரியும்.

டிஜேயின் முன் டிஃபரன்ஷியல் இடதுபக்கம். முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் இடதுபக்கம்தான். எல்எஸ் இன்ஜினின் ஆயில் ஃபில்டரும் இடதுபக்கம், பின்பகுதியில். ஸ்டீயரிங் ஷாஃப்ட்டும் அதே பக்கம் இறங்கி வருகிறது. எல்லாம் ஒரே பக்கம் நெருக்குவதால் இன்ஜினை வலப்பக்கம் சுமார் 25 மி.மீ. தள்ளி வைப்பது வழக்கம். தள்ளினால் முழு இன்ஜினையும் இணையாகத் தள்ளுங்கள். முன்பக்கம் மட்டும் ஒதுங்கிச் சாய்வாக நின்றால் யு ஜாயின்ட்டுகளுக்கு ஒரு கோணம் கூடுதலாக வந்து அதிர்வு தரும். கிராங்க் புல்லியின் நடுவிலிருந்தும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின் ஃபிளேஞ்ச் நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு இறக்கி, தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டு, இரண்டு சேஸிஸ் ரெயிலிலிருந்தும் தூரம் அளந்தால் சாய்வு தெரிந்துவிடும். பின் ஃபிளேஞ்ச் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கும் என்பதை டிரான்ஸ்ஃபர் கேஸை வைத்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

டிரக்கோடு வந்த ஆயில் பேன் ஆழமானது. டிஜேயின் ஆக்ஸிலுக்கு மேல் நிற்காது. அதற்காக இன்ஜினை உயர்த்திக் கட்டினால் ஈர்ப்பு மையம் மேலே போகும், பானெட் இடிக்கும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணம் கெடும். பேனை மாற்றுவதுதான் சரி. 1998–2002 காமரோ, ஃபயர்பேர்ட் வண்டிகளின் பேன் ஆழம் குறைந்தது, பலரும் போடுவது. ஆனால் பேனை மட்டும் மாற்றக் கூடாது: உறிஞ்சுகுழாய், விண்டேஜ் தட்டு (windage tray, கிராங்க் ஷாஃப்ட்டுக்கும் பேனில் உள்ள ஆயிலுக்கும் நடுவே இருக்கும் தகடு), டிப்ஸ்டிக் எல்லாம் அதே பேனுக்குரியவையாக இருக்க வேண்டும். உறிஞ்சுகுழாயின் ஓ-ரிங் பொருந்தாமல் காற்று இழுத்தால் ஆயில் பிரஷர் விழுந்து பேரிங் போய்விடும். மவுன்ட் வேலையைத் தொடங்குமுன் இறுதியாகப் போடப்போகும் பேன் இன்ஜினில் மாட்டப்பட்டிருக்கட்டும்.

குறைந்தபட்ச இடைவெளிகள்: ஆக்ஸில் முழுதாக மேலே ஏறிய நிலையில் அதற்கும் பேனுக்கும் 40 மி.மீ., ஃபயர்வாலுக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் 20, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் 25, மேனிஃபோல்டுக்கும் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கும் 25. இன்ஜின் புஷ்ஷில் 10 மி.மீ. வரை அசையும் என்று வைத்துக்கொண்டே இவற்றைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் வலதுபக்கம் கீழே இருக்கிறது; வலது பிராக்கெட்டைச் செய்த பிறகு அதைக் கழற்ற முடியுமா என்று பாருங்கள். ஃபில்டரையும் அப்படியே. மவுன்ட்டை இறக்காமல் ஃபில்டரை மாற்ற முடியாத வண்டியில் ஆயில் மாற்றுவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

சாய்வுக்கு டிஜிட்டல் கோண அளவி போதும், ரசமட்டமும் ஓகே. பின்பக்கம் 3 முதல் 5 டிகிரி வரை கீழே இறங்கியிருக்கலாம். டிஜேயின் பின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மிகவும் குட்டை என்பதால், பின்பக்கம் எவ்வளவு உயரமாக நிற்கிறதோ அந்த அளவுக்கு ஷாஃப்ட் கோணம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். கியர்பாக்ஸின் பின் மவுன்ட்டை முதலில் கிராஸ்மெம்பரில் இறுதிசெய்துவிட்டு, அதற்குப் பிறகு முன் மவுன்ட்டுகளைச் செய்யுங்கள். முன்பக்கம் செயின் பிளாக்கிலும் கட்டையிலும் நிற்கலாம். செயினில் மட்டும் தொங்கவிட்டு அளக்காதீர்கள். பேனுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்தால் அரை மில்லிமீட்டர்கூட நகராது.

பிளாக் பக்கத்துத் தகடு: எல்எஸ் பிளாக்கில் ஒரு பக்கத்துக்கு நான்கு துளை, எம்10, 1.5 பிட்ச். தகட்டுக்கு 10 மி.மீ. மைல்டு ஸ்டீல். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். தகடு வளைந்தால் பிளாக்கின் வார்ப்புக் காதுதான் வெடிக்கும். அட்டையை பிளாக்கில் வைத்து விரலால் அழுத்தினால் துளைகளின் விளிம்பு அட்டையில் பதியும். அதைத் தகட்டுக்கு மாற்றி, 10.5 மி.மீ. துளை போடுங்கள். 12 மி.மீ. போட்டு எல்லா போல்ட்டையும் சுலபமாக நுழைப்பது சோம்பேறி வழி. தகடு நழுவ இடம் கொடுக்கும். போல்ட் 10.9 கிரேடு, பிளாக்குக்குள் குறைந்தது 15 மி.மீ. இறங்க வேண்டும். எல்எம்7 வார்ப்பிரும்பு பிளாக் என்பதால் 15 போதும், அலுமினியம் பிளாக் என்றால் 20. இந்தத் துளைகள் அடி மூடியவை. ஒரு கம்பியை விட்டு ஆழத்தை அளந்து, போல்ட் அடியில் முட்டாத நீளம் பாருங்கள். முட்டிய போல்ட் இறுகிவிட்டது போலவே தெரியும், ஆனால் தகட்டைப் பிடித்திருக்காது. மேலும் முறுக்கினால் வார்ப்பு பிளக்கும். முறுக்கு 50 நியூட்டன் மீட்டர், நடுத்தரத் திரெட் லாக்கரோடு.

புஷ் குழாய்க்கு வெளிவிட்டம் 44 மி.மீ., சுவர் 3 மி.மீ. அளவில் தடித்த குழாய். எது எப்படியானாலும் புஷ்ஷை முதலில் கையில் வாங்கிவிட்டு, அதன் விட்டத்துக்கு ஏற்ற குழாயைத் தேடுங்கள். பாலியூரத்தேன் கடினம் ஷோர் ஏ அளவுகோலில் 70–80 போதும். 95-க்குப் போனால் அதிர்வு முழுவதும் கேபினுக்குள் வந்துவிடும்; சேஸிஸ் முறுக்குவதும் நேராக பிளாக்குக்குப் போகும். உள் ஸ்லீவ் புஷ்ஷை விட ஒவ்வொரு பக்கமும் அரை முதல் முக்கால் மி.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட் இறுகும்போது காதுகள் ஸ்லீவைக் கவ்வும், பாலி சுதந்திரமாக அசையும். ஸ்லீவ் குட்டையாக இருந்தால் காது பாலியை நசுக்கி, சில மாதத்தில் புஷ் ஓரத்தில் துண்டு துண்டாகப் பெயர்ந்துவரும். போல்ட் அரை அங்குலம் அல்லது எம்12, 10.9, நைலாக் நட். போல்ட்டின் திரெட் இல்லாத மொழுமொழு பாகம் காதுகளுக்குள் நிற்கும்படி நீளம் எடுங்கள்.

மூன்று புள்ளியில் மட்டும் பிடியுங்கள்: முன்னே இரண்டு, பின்னே ஒன்று. நான்காவது மவுன்ட் போட்டால் பலம் கூடாது. ஆஃப்ரோட்டில் சேஸிஸ் முறுக்கும்போது இன்ஜினையும் சேர்த்து முறுக்கும். முன்னே ரப்பர், பின்னே திடமான இரும்பு மவுன்ட் என்ற கலவை மிக மோசம். இன்ஜின் புரள முயலும் முழு விசையும் கியர்பாக்ஸின் அலுமினிய உறைமீது விழுந்து, அது பிளக்கும். மூன்றும் ஏறத்தாழ ஒரே மென்மையில் இருக்கட்டும்.

சேஸிஸ் பக்கம்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது. முதலில் பழைய 4.0 இன்ஜினின் மவுன்ட் பிராக்கெட்டுகளை அறுத்து எடுங்கள். கிரைண்டரை ரெயிலுக்கு இணையாகப் பிடித்து, பழைய வெல்டிங் மேட்டை மட்டும் தேயுங்கள், ரெயிலில் பள்ளம் விழக் கூடாது. டிஜேயின் ரெயில் மூடிய பெட்டி வடிவம். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் உள்ளே துருப்பிடித்த இடம் மந்தமாகச் சத்தம் தரும். அங்கே எந்த மவுன்ட்டும் நிற்காது; தகடு மாற்றும் வேலை முதலில்.

ஒரு கணக்கைப் பாருங்கள்: 5 மி.மீ. கால் அளவுள்ள நல்ல ஃபில்லெட் வெல்டிங் 10 செ.மீ. நீளத்தில் ஐந்து டன் எடை அளவுக்குத் தாங்கும். மேலே உங்கள் மவுன்ட்டுக்குக் கணக்கிட்ட அதிகபட்சம் ஒரு டன்னுக்கும் குறைவு. அப்படியானால் வெல்டிங் ஏன் பிய்கிறது? பிய்வது வெல்டிங் அல்ல, அதன் ஓரத்தில் இருக்கும் ரெயில் தகடு. மெல்லிய சுவரின் நடுவில் தடித்த பிராக்கெட்டை ஒட்டினால், ஒவ்வொரு இழுப்புக்கும் சுவர் உப்பி அமுங்கி, வெல்டிங் முடியும் விளிம்பில் விரிசல் ஓடும். அதனால் பிராக்கெட்டை நேராக ரெயிலில் வைக்காதீர்கள். முதலில் 5 மி.மீ. தகட்டில், ரெயில் பக்கச்சுவரை விடப் பெரியதாக, மேல்முகத்திலும் மடங்கி ஏறும் அளவுக்கு ஒரு அடித்தகடு செய்யுங்கள். அதன் மேல் 6 மி.மீ. பிராக்கெட், அதற்குக் குறுக்கே ஒரு முட்டுத்தகடு. அடித்தகட்டின் முனைகள் வைரம் அல்லது மீன்வால் வடிவம். ரெயிலுக்குக் குறுக்கே நேராக மேலிருந்து கீழே ஒரு வெல்டிங் கோடு ஓடவே கூடாது. விரிசல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ரெயிலையே அறுக்கும். மூலைகளை உருட்டி விடுங்கள். அடித்தகட்டை 10 மி.மீ. ஆக்கினால் இன்னும் உறுதி என்று தோன்றும், 3 மி.மீ. ரெயிலோடு அதை ஒட்டும் சூடு ரெயில் ஓரத்தைத் தின்றுவிடும்.

குழாயைப் பிராக்கெட்டோடு பொருத்த அதன் முனையை அரைவட்டமாகக் குடைய வேண்டும். இன்ஜின் இடத்தில் நின்றிருக்க, அட்டையைச் சுருட்டிக் குழாய்மேல் சுற்றி, மறுபக்கத்தின் விளிம்பைப் பென்சிலால் வரைந்து கத்தரித்து, அதையே குழாயில் ஒட்டி அறுங்கள். கிரைண்டரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து வைத்துப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் சந்து இல்லாமல் வந்துவிடும். சந்து பெரிதானால் வெல்டிங்கால் அடைக்காதீர்கள். இன்னொரு துண்டு வெட்டுங்கள்.

வெல்டிங்கின் வரிசை: பாட்டரி இணைப்பை எடுத்து, இன்ஜின் கம்ப்யூட்டரின் பிளக்குகளைக் கழற்றுங்கள். எர்த் கிளாம்ப் வெல்டிங் நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். ரெயிலோடு ஓடும் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய்களைக் கழற்றி ஒதுக்குங்கள். பெயின்ட்டும் துத்தநாகப் பூச்சும் சுற்றிலும் 25 மி.மீ. வரை தேய்த்து எடுக்க வேண்டும், துத்தநாகப் புகை காய்ச்சல் வரவைக்கும். பாலி புஷ்ஷை வெளியே எடுத்துவிட்டு, அதே அளவில் லேத்தில் திருப்பிய இரும்பு உருளையைக் குழாய்க்குள் வையுங்கள். இரண்டு பயன்: பாலி உருகி நச்சுப்புகை வராது, வெல்டிங் சூட்டில் குழாய் முட்டை வடிவமாகாது. உருளை இல்லாமல் ஒட்டிய குழாயில் புஷ் நுழையாமல் அடித்து இறக்கியவர்கள் நிறைய.

நான்கு இடங்களிலும் டேக் (தற்காலிகமான சிறு வெல்டிங் புள்ளி) அடித்து, மரக்கட்டைகளை எடுத்துவிட்டு, இன்ஜின் முழு எடையையும் டேக்கில் நிற்கவைத்து எல்லா இடைவெளியையும் மறுபடி அளங்கள். எடை இறங்கியதும் புஷ் அமுங்கி இன்ஜின் 2, 3 மி.மீ. கீழே வரும் என்பதால் அதற்கும் சேர்த்துத்தான் ஆரம்பத்தில் உயரம் வைக்க வேண்டும். ஒரு நாள் அப்படியே விட்டுப் பார்ப்பது நல்லது. பிறகு இன்ஜினை வெளியே எடுத்து முழு வெல்டிங். மிக் என்றால் 0.9 மி.மீ. இஆர்70எஸ்-6 கம்பி, 75 ஆர்கான் 25 கார்பன் டை ஆக்சைடு. அடித்தகட்டை 25 மி.மீ. துண்டு துண்டாக, எதிரெதிர் மூலைகளில் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் சுற்றினால் ரெயில் இழுபட்டு வளையும். வேலை முடிந்ததும் ரெயிலின் உள்பக்கத்துக்கும் துரு தடுப்பு மெழுகு அடியுங்கள், உள்ளே பூச்சு எரிந்திருக்கும்.

மேனிஃபோல்டுக்கு 50 மி.மீ.-க்குள் புஷ் வந்தால் நடுவே ஒரு மெல்லிய தகட்டுத் தடுப்பு வையுங்கள். பாலி சூட்டில் மெத்தென்று ஆகி வழியும். இன்னொன்று, பலர் மறப்பது: பாலி புஷ் மின்சாரத்தைத் தடுக்கும். பிளாக்கிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த எர்த் கேபிள் போடாவிட்டால், ஸ்டார்ட்டர் மின்னோட்டம் வேறு எந்த வழி கிடைக்கிறதோ அதைத் தேடிப் போகும்.

எல்லாவற்றையும் நீங்களே செய்துதான் ஆக வேண்டும் என்றில்லை. பிளாக் பக்கத்துத் தகடும் புஷ்ஷும் நோவாக், அட்வான்ஸ் அடாப்டர்ஸ் போன்ற நிறுவனங்களிடம் தயாராகக் கிடைக்கின்றன. சேஸிஸ் பக்கத்தை மட்டும் சொந்தமாகச் செய்வது நல்ல சமரசம். கலிபோர்னியாவில் என்றால் இன்ஜின் வண்டியின் வருடத்துக்குச் சமமானதாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும், அதற்குரிய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் முழுதாக இருக்க வேண்டும் என்ற விதி உண்டு, இன்ஜின் வாங்குமுன் பாருங்கள். இதைப் படித்து இந்தியாவில் செய்ய நினைப்பவர்களுக்கு: பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

முதல் ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகட்டுக்கு ஒரு வெள்ளை பெயின்ட் கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் சுழன்றிருக்கிறது. பிரேக்கை அழுத்திக்கொண்டு டிரைவிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுக்க, இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து இன்ஜினைப் பார்க்கட்டும். வண்டிக்கு முன்னேயோ பின்னேயோ நிற்க வேண்டாம். 10 மி.மீ.-க்கு மேல் எழும்பினால் புஷ் மிகவும் மென்மை. 500 கிலோமீட்டருக்குப் பிறகும், ஒவ்வொரு கடினமான பாதைக்குப் பிறகும் அடித்தகட்டின் விளிம்பைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி போன்ற கோடும் அதிலிருந்து கசியும் செம்பழுப்புத் துருவும் தெரிந்தால், பெரும்பாலும் இடதுபக்கம் மேல் மூலையில், விரிசல் தொடங்கிவிட்டது. அதன் மேலேயே வெல்டிங் ஓட்டாதீர்கள். விரிசல் முடியும் இடத்தில் 3 மி.மீ. துளை போட்டு, விரிசலைத் தேய்த்துத் திறந்து ஒட்டி, அடித்தகட்டை இன்னும் நீளமாக்குங்கள்.